மூன்றாவது பிளக்கின் நீலக் கோடு

அந்தக் காரின் சத்தத்தை முதலில் கேட்டவள் என் மனைவி. நான் அதைக் கடைசிவரை கேட்கவே இல்லை. இத்தனை வருடம் கழித்து இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. அன்றைக்கு எனக்கிருந்த வீராப்பை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தேன். கரண்ட் கம்பத்தின் உச்சியில் வெள்ளையாக உட்கார்ந்து கம்பியைத் தாங்கிக்கொண்டிருக்குமே இன்சுலேட்டர், அதுதான் எங்கள் சரக்கு. சூளையைப் பிரித்ததும் ஒவ்வொன்றாக என் முன்னால் வந்து குவியும். இடது கையில் தொங்கலாகப் பிடித்துக்கொண்டு வலது கையில் இருக்கும் மரக்குச்சியால் ஒரு தட்டு தட்டுவேன். நல்ல சரக்கென்றால் 'ணிங்' என்று இழுக்கும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் 'டொக்' என்று வாயை மூடிக்கொள்ளும். நல்லது வலது பக்கம், கெட்டது இடது பக்கம். காலையிலிருந்து சாயந்திரம் வரை இதுதான் வேலை. அதற்கு வேண்டியது காது மட்டும்தான். பேட்டையில் என் பேரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது, காதுக்காரர் என்றால் டீக்கடை வரைக்கும் தெரியும்.

அந்தப் பட்டம் எனக்குத் தலைக்கேறியிருந்தது. எங்கள் ஊரில் யாரும் ஒரு சட்டியைக்கூடத் தட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டார்கள், நான் அதில் இன்னும் ஒரு படி மேலே. சேத்தியாத்தோப்புக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பீங்கான் கோப்பையில் காப்பி கொடுத்தார்கள். பெண்ணை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பே என் விரல் நகம் கோப்பையைத் தட்டிவிட்டது. "இதுல விரிசல் இருக்குதுங்க" என்று வாயும் சொல்லிவிட்டது. மாமியாராக வரப்போகிறவரின் முகம் சுண்டிப்போனது. பெண் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வேறு கோப்பையில் ஊற்றி வந்து, எனக்குக் கேட்கிற மாதிரி அவளே அதை நகத்தால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு என் முன்னால் வைத்தாள். கல்யாணம் பண்ணினால் இவளைத்தான் என்று நான் அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

கார் வாங்கியது அதற்கு ரொம்ப வருடம் கழித்து, செல்போன் ஒவ்வொரு வீடாக வந்துகொண்டிருந்த காலத்தில். நெய்வேலியில் ரிட்டையர் ஆன ஒருவர் சொந்த ஊருக்குப் போகும்போது விட்டுப்போன வண்டி. ஏற்கெனவே இருபது வயதைத் தாண்டியிருந்தது. சந்தன நிறம், கனத்த உடம்பு, ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர். இடது பக்கக் கதவு ஒழுங்காகச் சாத்தாது என்பதால் அதில் ஒரு பருத்திக் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை என் மனைவி பிடித்துக்கொண்டு வருவாள். மாடு ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது என்று நான் கேலி செய்தால், மாடு ஸ்டியரிங் பக்கம்தானே இருக்கிறது என்பாள்.

ஞாயிற்றுக்கிழமைதான் அந்த வண்டிக்கு முக்கியமான நாள். காலையில் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை பார்த்துவிட்டு, அப்படியே சேத்தியாத்தோப்பில் மாமியார் வீட்டுக்குச் சாப்பிடப் போவோம். நான்கு கண்ணாடியும் இறங்கியிருக்கும். பின்சீட்டில் ஒரு மரப்பெட்டி நிறைய வைக்கோலும், வைக்கோலுக்குள் பேட்டையில் மற்ற கம்பெனிக்காரர்கள் கொடுத்த கழிவுச் சரக்கும் இருக்கும். மூக்கு சப்பிய பொம்மைகள், கோணல் ஊதுபத்தி ஸ்டாண்டுகள், மூடி பொருந்தாத ஜாடிகள். மாமியார் வீட்டு அலமாரியில் உருப்படியான முகமுள்ள பொம்மை ஒன்றுகூட இருந்ததில்லை. வெள்ளாற்றுப் பாலத்தின்மேல் வண்டியை மெதுவாக்குவேன், அவள் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று எட்டிப் பார்ப்பாள். வேறொன்றும் விசேஷமில்லை. ஆனாலும் என் வாழ்க்கையில் எந்தக் காலம் திரும்ப வரவேண்டும் என்று கேட்டால், அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் கேட்பேன்.

அந்தப் பாலத்தின்மேல்தான் ஒருநாள் சொன்னாள்.

"ஏங்க, டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம் வருது."

நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். என்ஜின் உறுமுவது கேட்டது, காற்று கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை.

"பின்னாடி பெட்டியில பீங்கான் ஆடுது" என்றேன்.

அடுத்த ஞாயிறு அவள் பெட்டியை வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டாள். வண்டி ஜங்ஷன் ரோட்டைத் தாண்டும்போதே ஆரம்பித்தாள்.

"இப்ப பெட்டி இல்ல. சத்தம் அப்படியேதான் இருக்குது. முன்னாடிலேருந்து வருது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஊரில் உள்ளவன் எல்லாம் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறான், இவள் எனக்குச் சத்தத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள். "பழைய வண்டின்னா நாலு சத்தம் இருக்கத்தான் செய்யும், வாய மூடிக்கிட்டு வா" என்று சொல்லிவிட்டேன். அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். அன்றைக்கு மாமியார் வீட்டில் மீன்குழம்பு எனக்கு இறங்கவில்லை. சாப்பிட்டுத் திரும்பும்போது சமாதானத்துக்காக ஒரு பொய் சொன்னேன்.

"ஆமா, இப்ப கேக்குது. டேப்பட் சத்தம். மெக்கானிக்க பாக்கச் சொல்றேன்."

டேப்பட் என்பது என்ஜினின் தலைப்பக்கம் வால்வைத் தள்ளித் தள்ளித் திறக்கிற பாகம். இடைவெளி கூடிவிட்டால் டிக்கு டிக்கு என்று அடிக்கும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன்.

மெக்கானிக் என்னைவிடப் பத்து வயது சின்னவர், நல்ல கைக்காரர். பானெட்டைத் தூக்கி, வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். அதன் முனையை என்ஜின்மேல் வைத்துக் கைப்பிடியைக் காதில் ஒட்டி வைத்தால், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும், டாக்டர் குழாய் வைத்துப் பார்ப்பதைப் போல. அவர் வைத்துப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார். பிறகு ஸ்க்ரூடிரைவரை என் பக்கம் நீட்டினார்.

"அண்ணே, எனக்கு இது டேப்பட் மாதிரி தெரியல. ஆனா உங்க காதுக்கு முன்னாடி நான் என்னா சொல்றது. நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

வேறு எந்த ஊரிலாவது ஒரு மெக்கானிக், என்ஜினைப் பற்றி இன்சுலேட்டர் தட்டுகிறவனிடம் தீர்ப்புக் கேட்பாரா? எங்கள் ஊரில் கேட்பார்கள். நான் கைப்பிடியைக் காதில் வைத்தேன். எலும்பு வழியாக ஒரு அதிர்வு வந்தது. அதில் டிக்கும் இல்லை டக்கும் இல்லை. டீக்கடையில் இருந்து இரண்டு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டேப்பட்டுதான். சந்தேகமே இல்ல" என்றேன்.

அவர் மேல்மூடியைக் கழற்றி, இடைவெளியில் மெல்லிய தகட்டை விட்டுப் பார்த்து எட்டு வால்வையும் சரி பண்ணினார். அரை நாள் போயிற்று. சத்தம் போகவில்லை என்று அடுத்த ஞாயிறு என் மனைவி சொன்னாள். நான் மறுபடியும் போய், பெட்ரோல் பம்பாக இருக்கும் என்றேன். அவர் அதையும் பிரித்து மாட்டினார். பிளக்குகளைக் கழற்றி நுனியைச் சுரண்டித் துடைத்துத் திருப்பிப் போட்டார். நான் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் எப்போதும்போலத் தலையாட்டினேன்.

"என்னாண்ணே, போயிடுச்சுங்கிறீங்களா, இருக்குதுங்கிறீங்களா?"

"இருக்குது, ஆனா குறைஞ்சிருக்குது. லேசாதான் வருது."

அவர் துணியில் கையைத் துடைத்தார்.

"லேசாவாண்ணே? ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை வரைக்கும் கேக்குதே."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் குத்தியது. அதுவரை அந்தச் சத்தத்தை, ஒரு பொம்பளை குறை சொல்லிக்கொண்டே இருக்கிற ஒரு சின்னஞ்சிறு சத்தமாகத்தான் மனதில் வைத்திருந்தேன். டீக்கடை வரைக்கும் கேட்கிற சத்தம் என் மூக்குக்கு நேரே அடித்துக்கொண்டிருக்கிறது, எனக்குக் கேட்கவில்லை. அப்படியென்றால் கம்பெனியில் நான் என்னத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்?

உண்மையைச் சொன்னால், ஒரு வருடத்துக்கு மேலாகவே 'ணிங்' முன்புபோல் இழுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். மண்ணை மாற்றிவிட்டார்கள், அதனால் இப்படிப் பேசுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி கேட்டது. எனக்கு நல்ல பேர் இருந்ததால், வந்ததெல்லாம் நல்ல சரக்கு என்று வலது பக்கம் வைத்துக்கொண்டே போனேன். தட்டுகிற வேலைக்கு வருவதற்கு முன்னால் பத்து வருடம் நான் நின்றது மண் அரைக்கும் உருளைக்குப் பக்கத்தில். நாள் முழுக்க உள்ளே கல் புரண்டுகொண்டிருக்கும். அந்தப் பத்து வருடத்தின் இரைச்சல் என் காதுக்குள் எதைத் தின்றது என்று நான் யோசித்ததே இல்லை.

மறுநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது, நான் நல்லது என்று ஒதுக்கிய குவியலில் இருந்து இருபது இன்சுலேட்டர்களை எடுத்துக்கொண்டு சூளைக்குப் பின்னால் போனேன். சந்தேகம் வருகிற சரக்குக்கு எங்கள் பேட்டையில் ஒரு வழி உண்டு. நீல மையைப் பிரஷ்ஷால் பூசிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து ஈரத்துணியால் துடைப்போம். பளபளப்பான மேல்பூச்சில் மை நிற்காது, வழிந்துவிடும். விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கி, நீலமாக ஒரு கோடு விட்டுவிடும். நான் பூசினேன், துடைத்தேன். பதினெட்டு வெள்ளையாக வந்தது. இரண்டில் நீலக் கோடு இருந்தது. ஒன்றில் அந்தக் கோடு மேலிருந்து கீழ் வரை ஓடியது.

அந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மழையில் அந்த விரிசலுக்குள் தண்ணீர் இறங்கினால் கரண்டும் கூடவே இறங்கும். கீழே கம்பத்தில் யாராவது மாட்டைக் கட்டியிருக்கலாம், ஒரு லைன்மேன் ஏறிக்கொண்டிருக்கலாம். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். பிறகு இரண்டையும் மை பாட்டிலையும் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மனைவி வாசலில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வெயில் நேரத்தில் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். நான் பையை இறக்கி வைத்துவிட்டு நேராகக் காருக்குப் போய் பானெட்டைத் தூக்கினேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் என்ஜினைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"எனக்கு அந்தச் சத்தம் கேக்கல. ஒரு நாளும் கேக்கல. கேக்குதுன்னு சொன்னது பொய்."

"தெரியும்" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"பூசையில நற்கருணைய தூக்கிக் காட்டும்போது சின்ன மணி அடிக்குது இல்ல? முன்னெல்லாம் மணிச் சத்தத்துக்கே முட்டி போடுவீங்க. இப்ப ஆம்பளைங்க பக்கம் எல்லாரும் போட்டப்புறம் அவங்களப் பாத்துட்டுப் போடுறீங்க. பொம்பளைங்க பக்கத்துலேருந்து நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வாய மூடிக்கிட்டு வான்னு சொல்லுவீங்க."

பையில் இருந்த இரண்டு இன்சுலேட்டர்களையும் எடுத்துக் காட்டினேன். அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை, இந்த ஊரில் இத்தனை வருடம் குடித்தனம் செய்தவளுக்கு நீலக் கோடு என்றால் என்ன என்று தெரியும். ஒன்றை வாங்கி விரலால் அந்தக் கோட்டைத் தடவினாள்.

"மொதல்ல இத முடிப்போம்" என்று காரைக் காட்டினாள். "நீங்க என்னா செய்யணுமோ செய்யுங்க. நான் கேட்டுச் சொல்றேன்."

அந்த வண்டியில் பீங்கானால் செய்த சாமான் என்ன இருக்கிறது என்று நான் கம்பெனியிலிருந்து வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். பிளக்தான். பெட்ரோலுக்குப் பொறி கொடுக்கிற பிளக்கின் மேல்பாதி முழுக்க வெள்ளைப் பீங்கான் கழுத்து. மெக்கானிக் பிளக்கைக் கழற்றியபோது நுனியைத்தான் பார்த்தார். அந்தக் கழுத்தைப் பார்த்திருக்க வேண்டியவன் நான். என் பிழைப்பே வெள்ளைப் பீங்கான்தான், அது என் கண்ணெதிரே துடைத்து மாட்டப்பட்டது, நான் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

நான்கு பிளக்குக்கும் நான்கு வயர். முதல் வயரைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். மூன்று பிளக்கில் ஓடிய வண்டி குளிர்ஜுரம் வந்ததுபோல் உதறியது. அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்து நின்றாள்.

"கேக்குதா?"

"கேக்குது."

நிறுத்திவிட்டு, அதை மாட்டி, இரண்டாவதைக் கழற்றினேன்.

"இப்ப?"

"கேக்குது."

மூன்றாவது வயரைக் கழற்றி ஸ்டார்ட் செய்ததும் அவள் கையைத் தூக்கினாள்.

"நின்னு போச்சுங்க."

நான்கு பிளக்கையும் கழற்றி ஒரு சாக்கின்மேல் வரிசையாக வைத்தேன். பழக்கதோஷம், மூன்றாவதை நகத்தால் தட்டினேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் என் கையிலிருந்து அதை வாங்கினாள். நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்து நகத்தால் தட்டினாள், அன்றைக்குக் காப்பிக் கோப்பையைத் தட்டிய அதே விரலால். மூன்றாவதில் நிறுத்தி, இன்னொரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல விரிசல் இருக்குதுங்க" என்றாள்.

மை பூசித் துடைத்தேன். கழுத்தைச் சுற்றிக் கீழே இரும்பு வரைக்கும் மயிரிழையாக நீலக் கோடு. பொறி உள்ளே போகவேண்டியது, அந்த வழியாக வெளியே தாவித் தாவி டிக்கு டிக்கு என்று அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. கடையில் புது பிளக் வாங்கி வந்து மாட்டினோம். "போயிடுச்சு" என்றாள். அவள் சொன்னால் சரி என்று பானெட்டைச் சாத்தினேன்.

அடுத்த நாள் காலை முதலாளியின் மேஜைமேல் அந்த இரண்டு இன்சுலேட்டர்களையும் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். வாசலில் லாரி நின்றுகொண்டிருந்தது, சரக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவர் கத்துவார் என்று நினைத்துப் போயிருந்தேன். அவர் ஆளை அனுப்பி லாரியில் ஏற்றிய சரக்கை இறக்கச் சொன்னார். பிறகு ஒரு இன்சுலேட்டரை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு முன்ன போன லோடெல்லாம்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரும் திரும்பக் கேட்கவில்லை. சரக்குப் போன இடங்களுக்கெல்லாம் எழுதினார், கொஞ்சம் திரும்பி வந்தது. மீதி ஏற்கெனவே கம்பத்தில் ஏறிவிட்டது என்றார்கள்.

என்னை அவர் வேலையை விட்டு அனுப்பவில்லை. தட்டுகிற இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்தார். எனக்கு மை பாட்டிலும் பிரஷ்ஷும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வேலையில் இருந்த நாள் வரை, ஒவ்வொரு சரக்கும் என் கையில் நீலமாகித் துடைத்து வெள்ளையான பிறகுதான் வெளியே போயிற்று. என் நகக்கண்ணெல்லாம் நீலம். காதுக்காரர் என்று கூப்பிடுவதைக் கொஞ்ச நாளில் எல்லோரும் விட்டுவிட்டார்கள். மெக்கானிக் மட்டும் கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டார், அது கேலியா மரியாதையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

காரையும் கொடுத்து ரொம்ப நாளாயிற்று. இப்போது சேத்தியாத்தோப்புக்குப் பஸ்ஸில்தான் போகிறோம். நான் இடது பக்க ஜன்னலோரம், அவள் எனக்கு வலது பக்கம், அந்தக் காதில்தான் இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறது. கயிறு பிடித்துப் பழகிய கை, இப்போது முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரும். பாலம் வந்ததும் என் மடிமேல் சாய்ந்து ஆற்றைப் பார்ப்பாள். நான் ஆற்றைப் பார்ப்பதில்லை. ரோட்டோரம் வருகிற கம்பங்களைப் பார்ப்பேன். ஒவ்வொன்றின் உச்சியிலும் அந்த வெள்ளை, எது நான் தட்டியது, எது யாரோ தட்டியது என்று கீழேயிருந்து தெரியாது. மழைநாள் என்றால் பார்வையைத் திருப்பவே முடியாது.

அப்போதெல்லாம் அவள் எட்டி என் பக்கத்து ஷட்டரை இறக்கிவிடுவாள். "போதும், பாத்தது" என்பாள். சாரலுக்காக இறக்கியதுபோல முன்சீட்டுக்காரரிடமும் அவர் ஷட்டரை இறக்கச் சொல்வாள்.